வைக்கோல் நிறம்

“அந்தக் கர்ட்டனைக் கொஞ்சம் தள்ளுங்க. இந்த வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல” என்றார் டாக்டர்.

அவள் அசையவில்லை. அப்பாவின் காலடியில் போர்வை ஓரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கால் வெளியே தெரிகிறதே என்று மூடத்தான் பிடித்தாள். மூடிய பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. அண்ணன்தான் போய் ஒரே இழுப்பில் திரைச்சீலையை ஒதுக்கினான். காலையில் அவள் போன் செய்ததும் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பியவன், டாக்டருக்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்ந்திருந்தான்.

பகல் வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. அப்பா மஞ்சளாக இருந்தார். நெற்றி, கழுத்து, போர்வைக்கு வெளியே கிடந்த கை, நகம் உட்பட எல்லாம் மஞ்சள். டாக்டர் குனிந்து இமையை விலக்கினார். வெள்ளை இருக்க வேண்டிய இடத்திலும் அதே மஞ்சள்தான் இருந்தது.

“இது இன்னைக்கு நேத்து வந்தது இல்லையே. கொஞ்ச நாளாவே ஏறியிருக்கணும். யாரும் பாக்கலையா?”

அண்ணி வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தாள்.

“பித்தக் குழாய்ல போட்ட டியூப் அடைச்சிருக்கும். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா மாத்தியிருக்கலாம்.” சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். “யாரையும் குத்தம் சொல்லல. வயசும் ஆயிடுச்சு, பெரிய வியாதி வேற” என்று சேர்த்துக்கொண்டு, மேஜை முன்னால் உட்கார்ந்து இறப்புச் சான்றிதழ் எழுதினார்.

அவரை வாசல்வரை விட்டுவிட்டு அண்ணன் திரும்பி வந்தான். கட்டிலுக்கு மேலே மஞ்சள் பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“கலர் பாக்குறதுதானே உன் வேலை?”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

“ஊர்ல இருக்கற கலரெல்லாம் தெரியுது உனக்கு. அப்பா மஞ்சளானது தெரியல.”

கைக்குட்டையை எடுத்துச் சூடாக இருந்த பல்பைச் சுற்றிப் பிடித்துத் திருகிக் கழற்றினான். கைக்குட்டையோடு சேர்த்து ஜன்னல் விளிம்பில் வைத்தான். திரைச்சீலை விலகிய நொடியிலிருந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததும் இதே கேள்விதான்.

அவள் ஓர் அனிமேஷன் கம்பெனியில் நிறம் பார்ப்பவள். உருவங்களை வரைவதும் நடக்க வைப்பதும் மற்றவர்கள் வேலை. எந்தக் காட்சி எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. மகிழ்ச்சிக்கு ஒரு வெளிச்சம், பயத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று. கூட்டத்தில் யாரைப் பார்க்க வைக்க வேண்டுமோ அவருக்கு மட்டும் அழுத்தமான நிறத்தைக் கொடுத்து மற்றவர்களை மங்கலாக்கிவிட்டால், பார்ப்பவர் கண் தானாக அங்கே போய் நிற்கும். ஒரு காட்சி தேறுமா என்று பார்க்க அவள் கண்ணைப் பாதி மூடிக்கொள்வாள். மூக்கு, முழி, செங்கல், ஜன்னல் எல்லாம் கரைந்து நிறம் மட்டும் மிஞ்சும். அப்போது கண் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அந்தக் காட்சி. கடைத்தெருவிலும் இப்படிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தெரியாத ஆட்களிடம் முறைப்பு வாங்கியிருக்கிறாள்.

அப்பா இதை யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. “என் பொண்ணு சாயப்பட்டறையில வேலை பாக்குறா. தண்ணி இல்லாத சாயப்பட்டறை” என்பார். அவளை ‘சாயக்காரி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் எலக்ட்ரீஷியன். எத்தனையோ வீடுகளுக்கு வயர் இழுத்தவர். வெளிச்சம் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் ஜிகினா என்பது அவர் கட்சி.

அவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது கத்தி வைக்கிற காலம் கடந்திருந்தது. பித்தம் இறங்க வழியில்லாமல் மஞ்சள் காமாலை வந்தது. உள்ளே ஒரு சின்னக் குழாய் போட்டார்கள். மஞ்சள் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது அவர் அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டார்:

“மறுபடியும் அடைச்சுதுன்னா?”

“மாத்திடலாம்.”

“அதுவும் அடைச்சுதுன்னா?”

“அதையும் மாத்தலாம்.”

“ஃபியூஸ் போயிட்டே இருந்தா ஃபியூஸை மாத்திட்டே இருக்கக் கூடாது சார். லைன்லயே கோளாறுன்னு அர்த்தம்” என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. காரில் ஏறியதும், எத்தனை தடவை ஆனாலும் மாற்றியே தீர வேண்டும், கண் மஞ்சளானால் உடனே போன் செய்ய வேண்டும் என்று அப்பாவிடமும் அவளிடமும் வாக்கு வாங்கிக்கொண்டான். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “சரிப்பா, வரேன்ப்பா” என்றார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். மூக்கில் குழாயோடு, பேச முடியாமல், அவள் கையில் விரலால் ‘வீடு’ என்று எழுதிக் காட்டியவர் அவர்.

வீட்டுக்கு வந்த அன்று, அறையின் டியூப் லைட்டுக்குக் கீழே அவரைப் பார்த்ததும் அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். மஞ்சள் போயிருந்தது. ஆனால் கன்னம் ஒட்டி, தோல் சாம்பல் பூத்து, சுவரின் வெள்ளை அவர் முகத்தில் இருந்த கொஞ்ச உயிரையும் துடைத்துவிட்டது போல இருந்தது. படத்தில் சாகப் போகிறவர்களுக்கு அவள் கொடுக்கும் நிறம் அது. மறுநாளே போய் மஞ்சள் பல்பு வாங்கி வந்தாள். கடுகு நிறத்தில் திரைச்சீலை, அதற்குத் தோதாக வெளிர்மஞ்சள் போர்வை. டியூப் லைட்டை அணைத்து பல்பைப் போட்டதும் அப்பா பத்து வயது குறைந்து தெரிந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் “நல்லா தேறிட்டாரே” என்றார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வேறு எந்த மகளுக்கும் இப்படி ஒரு தப்பைச் செய்யத் தெரிந்திருக்காது.

அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “என்னடி இது, கோழிக்குஞ்சு பொரிக்கிற லைட்டு?” என்றார். அவள் அந்தப் பக்கம் போனதும் டியூப் லைட்டைப் போட்டுக்கொள்வார்.

நடக்கத் தெம்பு வந்ததும் மாலை நேரத்தில் டீ டம்ளரோடு அவள் வேலை செய்யும் அறைக்கு வருவார். அது கூடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. சுவர் நாலும் சாம்பல் நிறம், விளக்கு துல்லியமான வெள்ளை. நிறம் கண்ணை ஏமாற்றாமல் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. மற்ற அறைகளில் நிறம் சுற்றுப்புறத்துக்குத் தகுந்தபடி பேசும், இங்கே மட்டும்தான் உண்மை பேசும் என்பாள்.

அப்போது அவள் கையில் இருந்தது சந்தையில் எஜமானைத் தொலைத்த ஒரு நொண்டி நாயின் கதை. ஒரு நாள் திரையில் மாட்டுக் கொட்டகைக் காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“நாய் வைக்கோல் மேல தூங்குது. அவ்வளவுதானே?”

“பக்கத்துல பாம்பு இருக்கு பாருங்க.”

“எங்க?”

அவள் காட்சியை நகர்த்தினாள். வைக்கோலிலிருந்து ஒரு கீற்று அசைந்து தலை தூக்கியது. அப்பாவின் கையில் டீ தளும்பியது.

“அடிப்பாவி. எங்கடி மறைச்சு வச்ச?”

“மறைக்கவே இல்லப்பா. முதல்லேர்ந்து அங்கதான் இருக்கு. வைக்கோல் கலரையே அதுக்கும் குடுத்துட்டேன். சுத்தியிருக்கறதும் அதுவும் ஒரே கலரா இருந்தா கண்ணு தாண்டிப் போயிடும்.”

“வெள்ளைச் சுவத்துல படுத்திருந்தா?”

“மாட்டிக்கும்.”

அப்பா மீதி டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். பாம்பு இருக்கும் இடம் தெரிந்த பிறகும் அவரால் அது அசைகிற வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவர் அந்த அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கூடத்தின் இருட்டில், வாசலுக்கு இந்தப் பக்கமே நின்று, “சாயக்காரி, சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போவார். நடந்தால் களைப்பாக இருக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்தார். தோல் வறண்டிருக்கிறது என்று எண்ணெய் தடவிவிட்டாள். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றார். பகலிலும் திரைச்சீலையை மூடி வைத்தாள். கோழிக்குஞ்சு லைட் பழகிவிட்டது, அதையே எரியவிடு என்றார். நம்முடைய ரசனை அப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டதே என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

மதியத்துக்குள் கூடத்தில் நாற்காலிகள் வந்து இறங்கின. வண்டி மறுநாள் காலையில்தான் வரும் என்றார்கள். தெருக்காரர்களும் அப்பாவிடம் வேலை செய்தவர்களும் இரண்டு மூன்று பேராக வந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவர் கண்ணும் நேராக அப்பாவின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றது. அண்ணி போர்வையை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தாள். வெள்ளைத் தலையணை, வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சம், நடுவில் அந்த மஞ்சள். வந்தவர்கள் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி வெளியே போய், “கூட இருந்து பாத்துக்கிட்டதே பொண்ணுதானே?” என்று யாரிடமோ கேட்டது உள்ளே தெளிவாகக் கேட்டது.

ஏணி மாமா சாயங்காலம் வந்தார். அப்பாவின் பழைய கூட்டாளி. ஆள் உயரம், போதாததற்கு அந்தக் காலத்தில் அப்பாவுக்கு ஏணி பிடித்தவர். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டில் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு முகம் கழுவ வேண்டும் என்று பாத்ரூம் பக்கம் போனவர் திரும்பி வந்தார். “என்னம்மா, லைட்டு எரியல?”

“கொஞ்ச நாளாவே இல்ல மாமா. ஸ்டார்ட்டர் போயிருக்கும், அப்புறம் பாத்துக்கலாம்னாரு அப்பா.”

“உங்கப்பன் வீட்ல எரியாத லைட்டா? ஊரான் வீட்டு பல்பு மினுக்கினாலே தூக்கம் வராதே அவனுக்கு.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. எழுந்து அவர் பின்னால் போனாள். பாத்ரூமில் ஜன்னல் கிடையாது. கண்ணாடிக்கு மேலே, கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் டியூப் லைட் இருந்தது. மாமா போனில் டார்ச் அடித்துக் காட்டினார்.

“டார்ச் பிடிக்கறதுதானே நமக்கு உத்தியோகம். டியூபைப் பாரு, ஓரம் கறுத்திருக்கா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

டார்ச் வெளிச்சம் டியூபைத் தாங்கும் பட்டியின் பக்கவாட்டுக்கு நகர்ந்து நின்றது. டியூபைப் பற்றவைக்கும் ஸ்டார்ட்டர் இருக்க வேண்டிய ஓட்டை காலியாக இருந்தது.

மாமா அந்த ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். மெதுவாக, “அது தானா கழண்டு விழாதும்மா. அமுக்கித் திருப்பினாதான் வரும்” என்றார்.

அவள் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையைத் துழாவினாள். சோப்பு, சீப்பு, அப்பாவின் ஷேவிங் குவளை. குவளைக்குள் பிரஷுக்கு அடியில், ஈரம் படாமல் பாலிதீன் தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது ஸ்டார்ட்டர். எந்தச் சின்னச் சாமானையும் அப்பா அப்படித்தான் சுற்றி வைப்பார்.

எடுத்து ஓட்டையில் வைத்து அமுக்கித் திருப்பினாள். டியூப் விட்டுவிட்டு மினுக்கி, நின்று எரிந்தது. ஒரு பழுதும் இல்லை. கண்ணாடியில் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணின் வெள்ளை, அழாததால், வெள்ளையாகவே இருந்தது.

இங்கேதான் பார்த்திருக்கிறார். முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, இந்தக் கண்ணாடியில், இந்த வெள்ளை வெளிச்சத்தில், தன் கண் மஞ்சளாகிவிட்டதைப் பார்த்திருக்கிறார். அவளைக் கூப்பிடவில்லை. கையைத் தூக்கி ஸ்டார்ட்டரைக் கழற்றினார். வெயில் கூசுகிறது என்றார். கோழிக்குஞ்சு லைட்டையே எரியவிடச் சொன்னார். அவள் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெள்ளைச் சுவரில் மாட்டிக்கும் என்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உள்ளே படுத்திருப்பவரைத் தோளைப் பிடித்து உலுக்கி, என்னை ஏம்ப்பா ஏமாத்தினீங்க என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அவள் வாங்கிய பல்பு, அவள் மாட்டிய திரை, அவள் சொன்ன வித்தை. எல்லாவற்றையும் எடுத்து அவளுக்கு எதிராகவே திருப்பி, அவள் கண் முன்னாலேயே படுத்திருந்திருக்கிறார். எண்ணெய் தடவும்போது, “உன் கை சூடா இருக்குடி, நல்லாருக்கு” என்று சொல்லிக்கொண்டு. அவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் அண்ணன் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான். “கூட்டிட்டு வந்திருந்தா மாத்தியிருக்கலாம்னாரு டாக்டர். சொன்னா வந்திருப்பாரு. எனக்கு வாக்கு குடுத்திருந்தாரு.” கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. காலையிலிருந்து அவன் அழுது அவள் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டாள்.

இந்தச் சின்னச் சாமானைக் கொண்டுபோய் அவன் கையில் வைத்தால் போதும். வேறு ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவள் மேல் இருக்கும் பழி இறங்கிவிடும். இறங்கி நேராக அவன் தலையில் உட்காரும். அப்பா பயந்தது ஆஸ்பத்திரிக்கு மட்டும் அல்ல, உன் பிடிவாதத்துக்கும்தான் என்று ஆகும். சரிப்பா, வரேன்ப்பா என்றது பொய் என்று ஆகும்.

அவள் கையைத் தூக்கி ஸ்டார்ட்டரை அமுக்கித் திருப்பி எடுத்தாள். டியூப் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒருமுறை எரியத் தொடங்கிவிட்ட டியூபுக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை. சுவிட்சை அணைத்தாள். இருட்டில் மாமாவின் டார்ச் வெளிச்சம் மட்டும் தரையில் கிடந்தது.

“மாமா.”

“நான் ஒண்ணும் பாக்கலம்மா” என்றார் ஏணி மாமா. “இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எனக்கு என்ன தெரியப் போவுது?” சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அண்ணி அறையில் டியூப் லைட்டைப் போட்டாள். போட்டதும் அப்பாவின் முகம் இன்னும் எடுப்பாக, பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிந்தது. அண்ணி உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். “வர்றவங்க பயப்படறாங்க” என்று அண்ணனிடம் மெல்லச் சொன்னாள். “குழந்தைங்ககூட உள்ள வர மாட்டேங்குதுங்க.”

அண்ணன் கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஜன்னல் விளிம்பிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, பல்பை அவளிடம் நீட்டினான்.

“நீயே போடு.”

வாங்கிக்கொண்டாள். பல்பு இப்போது குளிர்ந்திருந்தது. ஸ்டூல் மேல் ஏறினாள். அண்ணன், கேட்காமலே, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

“அவர் ஒண்ணுமே சொல்லலையா உங்கிட்ட?” கீழேயிருந்து கேட்டான். “அரிக்குதுன்னுகூட?”

“சொன்னாரு. நான்தான் தோல் வறண்டிருக்குன்னு நினைச்சுட்டேன்.”

ஸ்டூலைப் பிடித்த கையை அவன் எடுக்கவில்லை. அவள் இறங்கி, கடுகு நிறத் திரையை இழுத்து மூடினாள். வெளிர்மஞ்சள் போர்வையை எடுத்து வந்து வெள்ளைத் துணியின் மேல் விரித்து, அப்பாவின் மார்புவரை இழுத்துவிட்டாள். டியூப் லைட்டை அணைத்து பல்பின் சுவிட்சைத் தட்டினாள்.

“பாத்ரூம் லைட்டு என்ன ஆச்சு?” என்றான் அண்ணன். “ஏணி மாமா எரியலன்னாரே.”

“ஸ்டார்ட்டர் போயிருக்கும். அப்புறம் பாத்துக்கலாம்.”

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்பா வயர் இழுத்துக் கொடுத்த மளிகைக்கடைக்காரர், மனைவியோடு வந்தார். இருவரும் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் குனிந்து, பயமில்லாமல், அப்பாவின் நெற்றியைத் தொட்டாள்.

“தூங்கற மாதிரியே இருக்காரு” என்றாள்.

அவள் சுவரில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். திரை, போர்வை, தலையணை, முகம். கண் எதிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மூடிய கைக்குள் ஸ்டார்ட்டரின் இரண்டு குமிழ்களும் உள்ளங்கையில் அழுந்தின.